கேள்வி – பதில்: வீட்டிலிருந்து வேலை

வீட்டிலிருந்து வேலை செய்வது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளிலிருந்து எட்டைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் விடையளித்திருக்கிறோம். அலுவலகத்திலும் வீட்டிலும் சங்கடம் நேரலாம் என்பதால் பலரும் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தனர். ஆகவே ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

வாசகர், துரைப்பாக்கம், சென்னை: 2020 ஊரடங்கு முதல் வீட்டிலிருந்தே வேலை செய்து வந்த எங்களை வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்தால் வேலை நடக்காது என்கிறது நிர்வாகம். வீட்டில்தான் கூடுதலாக உழைத்தோம் என்கிறோம் நாங்கள். ஆய்வுகள் யார் பக்கம்?

பதில்: இதை முறையாகச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் மூன்றைச் சொல்கிறேன். மூன்றும் மூன்று விதமான விடைகளைத் தருகின்றன. அந்த வேறுபாட்டுக்கான காரணத்தில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

முதலாவது, சீனாவில் சிடிரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தில் 2010 இறுதியில் தொடங்கியது. ஷாங்காயில் இருந்த அழைப்பு மைய ஊழியர்களில் விருப்பம் தெரிவித்தவர்களைப் பிறந்த தேதி இரட்டைப்படையா, ஒற்றைப்படையா என்று பார்த்துப் பிரித்து, இரட்டைப்படையில் பிறந்தவர்களை வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டார்கள். ஒன்பது மாதங்களில் அவர்களுடைய செயல்திறன் 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டு விலகுவோர் பாதியாகக் குறைந்தனர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் நிக்கலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் நடத்திய இந்த ஆய்வைத்தான் வீட்டிலிருந்து வேலை செய்வதை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அதில் சேர்வதற்கே வேலை செய்யத் தனி அறையும், நல்ல இணைய இணைப்பும், குறைந்தது ஆறு மாதப் பணி அனுபவமும் வேண்டும் என்ற நிபந்தனைகள் இருந்ததை யாரும் சொல்வதில்லை. அந்த 13 சதவீதத்தில் 9 சதவீதம், இடைவேளையும் விடுப்பும் குறைந்ததால் கூடுதல் நேரம் உழைத்ததன் பலன் என்பதும், சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது வீட்டிலிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள் என்பதும் அதே ஆய்வில் உள்ளவைதான். தனிமையை அவர்களால் தாங்க முடியவில்லை.

இரண்டாவது ஆய்வு நம் சென்னையில் நடந்தது. அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) பேராசிரியர்கள் டேவிட் ஆட்கின், அன்டோனெட் ஷோர் உள்ளிட்டோர் தரவுப் பதிவு வேலைக்கு ஆட்களைச் சேர்த்து, யார் வீட்டில், யார் அலுவலகத்தில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 2023இல் வெளியான அதன் முடிவின்படி, வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் உற்பத்தித் திறன் 18 சதவீதம் குறைவு. வீட்டிலிருந்து வேலை செய்யவே விரும்புகிறோம் என்று முன்னரே சொல்லியிருந்தவர்கள்தான் வீட்டில் மிகவும் பின்தங்கினார்கள்: அவர்களுக்கு 27 சதவீதம் சரிவு, அலுவலகத்தை விரும்பியவர்களுக்கு 13 சதவீதம். வீட்டை விரும்பியவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். தொடக்கத் தேர்வில் வேகமாகவும் பிழையின்றியும் பதிவு செய்தவர்கள் அவர்களே. இந்த முரண் பெரும்பாலும் பிள்ளைகளையோ வீட்டாரையோ பார்த்துக்கொள்ள வேண்டியவர்களிடமும், வசதி குறைந்த வீட்டாரிடமும்தான் காணப்பட்டது. அதாவது வீட்டில் இருந்தாக வேண்டிய கட்டாயம் யாருக்கு இருந்ததோ, அவர்களுக்குத்தான் வீட்டில் வேலை ஓடவில்லை.

மூன்றாவது, அதே சீன நிறுவனத்தில் 1,600க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் நடந்து, 2024இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியானது. வாரத்தில் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் அலுவலகம் என்ற ஏற்பாட்டில் செயல்திறனும் பதவி உயர்வும் சிறிதும் பாதிக்கப்படவில்லை; வேலையை விடுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர்.

ஆகவே வீட்டில் வேலை நடக்காது என்ற பொதுவான கூற்று நிற்காது. எல்லார் வீட்டிலும் நடக்கும் என்பதும் நிற்காது. கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் இடமும், பிறர் குறுக்கிடாத நேரமும், வேலையை முன்பே கற்றுத் தேர்ந்திருப்பதும் அமைந்தவர்களுக்கு அது நடக்கும். பல ஆண்டு அனுபவமுள்ள உங்கள் குழுவுக்கு வாரம் இரண்டு நாள் என்ற கோரிக்கையை, இத்தனை ஆண்டுகளில் முடித்துக் கொடுத்த வேலையின் பட்டியலோடு எழுத்தில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் 2024 அக்டோபர் கனமழையின்போதும் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்குமாறு தமிழக அரசே நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டதையும் நினைவூட்டலாம். வெள்ள நாளில் வீட்டிலிருந்து ஓடுகிற வேலை, வெயில் நாளில் ஓடாது என்பதற்கு நிர்வாகம் காரணம் சொல்லியாக வேண்டும்.

வாசகி, மதுரை: எனக்கு மூன்று வயதில் மகன். கணவர் அலுவலகம் போகிறார், நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று சமையல், குழந்தை, வருகிற உறவினர் எல்லாவற்றையும் அத்தை என்னிடம் விடுகிறார். பகலில் விட்ட வேலையை இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து முடிக்கிறேன். வேலையை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

பதில்: விட வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மா. உங்களுக்குத் திறமை போதவில்லை என்றோ நேரத்தைச் சரியாகப் பங்கிடத் தெரியவில்லை என்றோ எண்ணிக்கொள்ளாதீர்கள். நீங்கள் செய்வது இரண்டு ஆள் வேலை. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். 2019 கணக்கெடுப்பில் இவை 299, 97 என்று இருந்தன. இடைப்பட்ட காலத்தில்தான் நாடு முழுவதும் ஆண்களும் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். அப்படியிருந்தும் வீட்டு வேலையில் அவர்கள் செலவிடும் நேரம் கூடவில்லை. உங்கள் வீட்டில் நடப்பது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதன்று என்று தெரிந்துகொண்டால், இதை மாமியார் மருமகள் சண்டையாக ஆக்காமல் பேச முடியும்.

பேச வேண்டியது முதலில் கணவரிடம். மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே ஒருவர் எட்டு மணி நேரம் கணினி முன் வேலை செய்ய முடியாது. அவர் தம் அலுவலகத்துக்குக் குழந்தையைக் கூட்டிச் சென்றால் என்ன ஆகும் என்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும். குழந்தையைக் குளிப்பாட்டிக் காலை உணவு ஊட்டி, அங்கன்வாடியிலோ மழலையர் பள்ளியிலோ விட்டுச் செல்வதை அவர் ஏற்றுக்கொண்டால், காலை ஒன்பதரை முதல் பிற்பகல் ஒரு மணி வரை உங்களுக்குக் கிடைத்துவிடும். கவனம் தேவைப்படும் வேலைகளையும் கூட்டங்களையும் அந்த நேரத்துக்குள் வைத்துக்கொள்ள முடியுமா என்று உங்கள் குழுத் தலைவரிடம் கேளுங்கள். காரணத்தைச் சொல்லியே கேளுங்கள். மறைத்துவிட்டு நள்ளிரவில் ஈடுகட்டுவதைவிட அது மேலானது.

அத்தையிடம் பேசும்போது உங்கள் கணவர் உடனிருக்க வேண்டும், அவர்தான் தொடங்கவும் வேண்டும். வீட்டில் இருக்கும் பெண் வீட்டுக்காகவே இருக்கிறாள் என்ற எண்ணத்தில் அத்தையும் வளர்க்கப்பட்டிருப்பார். வாழ்நாள் முழுதும் அப்படியே நடத்தப்பட்டுமிருப்பார். எந்த மணி முதல் எந்த மணி வரை நீங்கள் அலுவலகத்தில் இருப்பதாகக் கருத வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் எரிவாயு உருளை வந்தாலும் உறவினர் வந்தாலும் உங்களை எழுப்பக் கூடாது. பதிலுக்கு, பிற்பகலில் குழந்தையை அவர் பார்த்துக்கொள்வார் என்றால், மாலையில் அவருக்கு ஓய்வு கிடைக்குமாறு நீங்களும் கணவரும் ஏற்பாடு செய்யுங்கள். அவர் உழைப்பையும் உழைப்பாகவே கணக்கிட வேண்டும். வேலை நேரத்தில் இரவு உடையைத் தவிர்த்து, அலுவலகத்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு உட்காருங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் நீங்கள் வேலையில் இருப்பது வீட்டாருக்குப் பார்த்தவுடன் புரிந்துவிடும். படுக்கையறைக் கட்டிலில் மடிக்கணினியோடு இருப்பவரை ஓய்வில் இருப்பதாக எண்ணுவது எளிது.

பிரசவத்துக்குப் பிந்தைய நாள்களில் இருக்கும் பிற வாசகியருக்கும் ஒரு செய்தி. 26 வார மகப்பேறு விடுப்பைக் கொண்டுவந்த 2017ஆம் ஆண்டுத் திருத்தம், வேலையின் தன்மை இடமளித்தால் விடுப்புக்குப் பிறகும் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளின்படி வீட்டிலிருந்து வேலை செய்ய வழிவகுத்தது. இது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. உரிமையாகக் கோர முடியாது. ஆனால் சட்டத்தைச் சுட்டி எழுத்தில் கேட்கும்போது வாய்மொழியாக மறுத்து அனுப்புவது அவர்களுக்குக் கடினம்.

வாசகர், கோவில்பட்டி: சென்னை நிறுவன வேலையைச் சொந்த ஊரிலிருந்து செய்கிறேன். வாடகை மிச்சமாகிறது, பெற்றோரோடு இருக்கிறேன். ஆனால் எதிர்பார்த்த அளவு சேமிப்பு இல்லை. இப்படியே தொடரலாமா?

பதில்: சேமிப்பு எங்கே கரைகிறது என்று பார்ப்போம். நீங்கள் பழைய வருமான வரி முறையில் இருந்தால், வீட்டு வாடகைப்படிக்கான விலக்கு உண்மையில் வாடகை கொடுப்பவர்களுக்கே உண்டு. பெற்றோர் வீட்டில் வாடகையின்றி இருக்கும்போது அந்தப் படி முழுவதும் வரிக்கு உட்பட்ட வருமானமாகிவிடும். பழைய சென்னை வாடகை ரசீதை நிறுவனத்துக்குத் தொடர்ந்து அனுப்புவோர் உண்டு. அது பொய்க் கணக்கு, பின்னாளில் அபராதத்தோடு வந்து நிற்கும். புதிய வரி முறையில் இந்த விலக்கே கிடையாது. அடுத்தது மின்கட்டணம். பகல் முழுதும் மின்விசிறியும் கணினியும் ஓடி, கோடையில் குளிர்சாதனமும் சேரும்போது இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிடும். அப்படித் தாண்டினால், கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் உயர்ந்த விகிதத்தில் கட்டணம் கணக்கிடப்படும். அந்த எல்லைக்குள் நிற்க முடிந்தால் தெரியும்படியான மிச்சம் உண்டு. மின்தடைக்காக இன்வெர்ட்டர், இரண்டாவது இணைய இணைப்பு ஆகியவற்றின் செலவை நிறுவனம் ஏற்குமா என்று கேளுங்கள். கேட்டவர்களுக்குப் பல நிறுவனங்கள் கொடுக்கின்றன.

தொடரலாமா என்பதற்கு என் விடை, தொடரலாம், ஆனால் சென்னையை முற்றிலும் மறக்க வேண்டாம் என்பதே. முன்பு சொன்ன ஷாங்காய் ஆய்வில், ஒரே அளவு திறமை காட்டியவர்களில் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. கண்ணில் படாதவரின் உழைப்பு மேலிடத்தின் நினைவில் தங்குவதில்லை. மாதம் ஒருமுறையேனும் நேரில் போய் வாருங்கள். ஊரிலேயே வாழ வேண்டும், ஆனால் வீட்டுக்குள்ளேயே அடைந்திருக்கவும் கூடாது என்றால் மூன்றாவது வழியும் உண்டு. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் பல ஆண்டுகளாக அலுவலகம் நடத்திவருகிறது. உங்கள் மாவட்டத்தில் தூத்துக்குடியிலும், தஞ்சாவூர், சேலம் ஆகிய ஊர்களிலும் 2024இல் மினி டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டுள்ளன. வேலை ஊருக்கு வருவதில் எனக்கு இருக்கும் நம்பிக்கை, வேலை வீட்டுக்குள் வருவதில் இருப்பதைவிடப் பெரியது.

வாசகர், கோயம்புத்தூர்: படித்து முடித்ததும் முதல் வேலையே வீட்டிலிருந்துதான். ஓர் ஆண்டாகியும் சக ஊழியர்களை நேரில் பார்த்ததில்லை. மற்றவர்களைவிட மெதுவாகக் கற்பதாகத் தோன்றுகிறது.

பதில்: சரியாகவே உணர்ந்திருக்கிறீர்கள். சென்னை ஆய்வில் கண்ட 18 சதவீத இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே இருந்தது. மீதி ஒரு பங்கு, அலுவலகத்தில் இருந்தவர்கள் நாளடைவில் விரைவாகக் கற்றுக்கொண்டதால் வந்தது. தொழிலில் கற்பதில் பெரும்பகுதி யாரும் வகுப்பெடுத்து வருவதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் ஒரு சிக்கலை எப்படி அணுகுகிறார், கோபமாகப் பேசும் வாடிக்கையாளருக்கு மூத்தவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைக் கண்டும் கேட்டும் வருவது அது. முதல் இரண்டு ஆண்டுகளை, முடிந்தால், அலுவலகத்தில் கழியுங்கள். முடியாதென்றால், மூத்தவர் ஒருவரிடம் நாளும் அரை மணி நேரம் திரையைப் பகிர்ந்து அவர் வேலை செய்வதைப் பார்க்க அனுமதி கேளுங்கள். உங்களைப் போன்றோரை மனத்தில் வைத்துத்தான், முழுவதும் வீட்டிலிருந்தே என்ற ஏற்பாட்டை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் வசதியை மூத்தவர்கள் அனுபவிக்க, இழப்பை இளையவர்கள் சுமக்கிறார்கள்.

வாசகர், திருச்சி: இரவு பத்து மணிக்கும் மேலாளர் அழைக்கிறார். எடுக்காவிட்டால் மறுநாள் ஒரு மாதிரி பேசுகிறார். இதற்குச் சட்டம் இல்லையா?

பதில்: வேலை நேரத்துக்குச் சட்டம் உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுக்கிறது. கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியமும் உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் பணி முடிந்தபின் அழைப்பை ஏற்காமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017இலும், ஆஸ்திரேலியா 2024இலும் அளித்ததுபோல் இந்தியா இன்னும் அளிக்கவில்லை. பணி நேரத்துக்கு வெளியே ஊழியரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்ற கடமையைப் போர்ச்சுகல் 2021இல் முதலாளி மீதே சுமத்தியது. எனக்கு அதுவே நியாயமாகப் படுகிறது, ஏனென்றால் அழைப்பை மறுக்கும் துணிவு எல்லா ஊழியருக்கும் வாய்க்காது. அதுவரை, எத்தனை மணிக்கு வேலையை முடிக்கிறீர்கள் என்பதை நாள்தோறும் குழுவுக்கு ஒரு வரிச் செய்தியாக அனுப்பிவிட்டு விலகுங்கள். உண்மையான அவசரம் எது என்பதையும் மேலாளரோடு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். நாளடைவில் அந்த ஒரு வரிச் செய்திகளே உங்கள் வேலை நேரத்துக்கான பதிவாகவும் இருக்கும்.

வாசகர், முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்: என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டில் பீடி சுற்றியவர். கணினி வேலை செய்பவர்களின் சிரமத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்கள். அம்மாவைப் போன்றவர்களுக்கு ஓய்வூதியம் ஏதும் உண்டா?

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இடத்துக்கும் விளக்குக்கும் ஆகும் செலவைத் தானே ஏற்பது, எண்ணிக்கைக்குக் கூலி வாங்குவது, சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே வேலையை முடிப்பது, முதலாளியின் கண்ணில் படாமலேயே போவது என்று இன்று மற்றவர்கள் புதிதாகச் சந்திக்கும் அத்தனையையும் நெல்லை, தென்காசிப் பகுதிப் பெண்கள் தலைமுறைகளாகச் சந்தித்து வருகிறார்கள். அவர்கள் போராடிப் பெற்ற உரிமைகளும் உண்டு. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் இருந்து சுற்றுபவர்களையும் தொழிலாளர் என்றே வரையறுத்தது. இலையையும் தூளையும் வாங்கி வீட்டில் சுற்றிக் கொடுப்பவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது.

ஆகவே உங்கள் அம்மாவின் பெயரில் வைப்பு நிதிப் பிடித்தம் இருந்ததா என்று பாருங்கள். 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் குறைந்தது பத்தாண்டு உறுப்பினராக இருந்திருந்தால், 58 வயது முதல் ஓய்வூதியம் உண்டு. அதன் குறைந்தபட்ச அளவு 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். முப்பது ஆண்டு உழைப்புக்கு அது மிகவும் குறைவான தொகை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். பெரிய தடை, ஒப்பந்ததாரர் பிள்ளைகள் பெயரிலோ மற்றவர் பெயரிலோ கணக்கை எழுதிவைத்திருப்பது. அம்மாவின் பழைய கணக்குப் புத்தகம், அடையாள அட்டை, ஆதார் ஆகியவற்றோடு திருநெல்வேலி வைப்பு நிதி அலுவலகத்துக்கு நேரில் செல்லுங்கள். தொழிற்சங்கத்தார் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது உதவும். வீட்டுவழித் தொழிலாளருக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1996ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. மடிக்கணினியில் வேலை செய்பவர்களும் சேர்ந்து எழுப்ப வேண்டிய கோரிக்கை அது.

வாசகி, சேலம்: வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியது முதல் கழுத்தும் இடுப்பும் வலிக்கின்றன.

பதில்: மடிக்கணினியின் திரை கண் மட்டத்துக்கு வர வேண்டும், அதற்கு அடியில் நான்கு தடித்த புத்தகங்களை வைத்து, விசைப்பலகையைத் தனியாக வாங்கி இணையுங்கள். பாதம் தரையில் படும்படியான நாற்காலியில் உட்காருங்கள். சோபாவும் கட்டிலும் வேண்டாம். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். கை கால்களில் மரத்துப்போதல் இருந்தாலோ, வலி சில வாரங்களில் குறையாவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள்.

வாசகர், விழுப்புரம்: என் மகள் வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி வேலைக்கு 3,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தாள். செய்து கொடுத்ததில் பிழை இருக்கிறது என்று சம்பளம் தரவில்லை. இப்போது ஒப்பந்தத்தை மீறிவிட்டாள், 40,000 ரூபாய் கட்டாவிட்டால் வழக்கு என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். குடும்பமே பயந்து கிடக்கிறோம்.

பதில்: ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். இது நாடு முழுவதும் நடக்கும் மோசடி. யாராலும் எட்ட முடியாத துல்லியத்தை நிபந்தனையாக வைத்து, வேலையை நிராகரித்து, பிறகு வழக்கு என்று மிரட்டிப் பணம் பறிப்பதே அவர்களின் தொழில். வேலை கொடுக்கும் எந்த நேர்மையான நிறுவனமும் முன்பணம் கேட்பதில்லை. வக்கீல் நோட்டீஸ் என்பது நீதிமன்ற ஆணையும் அன்று. பெரும்பாலும் அந்த நோட்டீசே போலியாக இருக்கும். வீட்டை விட்டு வெளியே செல்ல இயலாத பெண்களும் படித்து வேலை தேடும் இளைஞர்களும்தான் இவர்களுடைய இலக்கு என்பதால், மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். பயத்தில் இருக்கும் பிள்ளை அடுத்த மிரட்டலை உங்களிடமிருந்து மறைத்துவிடும்.

அவர்களுடைய எண்களைத் தடை செய்வதற்கு முன், உரையாடல்கள், பணம் அனுப்பிய விவரம், நோட்டீஸ், ஒப்பந்தம் எல்லாவற்றையும் படமெடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் 1930ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்து, அவர்கள் தரும் புகார் எண்ணோடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலுள்ள சைபர் குற்றப் பிரிவை அணுகுங்கள். ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களையும் மகள் கொடுத்திருந்தால் வங்கிக் கிளைக்கு இன்றே போய்த் தெரிவியுங்கள், ஏனெனில் இப்படிச் சேர்த்த கணக்குகளின் வழியாக வேறு மோசடிப் பணத்தை அனுப்பிவைப்பதும் அவர்கள் வழக்கம்.